விபத்து க்ளைம் வாங்கிய படகுக்கு மறுபடி இன்சூரன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மராமத்து, பெயின்ட் வேலை நடக்கும், கூடவே இன்சூரன்ஸ் ரினிவலும். அப்போது ஃபார்மைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் புது ஓனர்கள், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பிரீமியம் கட்ட மறப்பது, லைசென்ஸ் காலாவதி ஆவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

பழைய க்ளைமை மறைப்பது

தெரிந்த ஒருவரின் விசைப்படகு முகத்துவாரத்து மணல்மேட்டில் தட்டி அடிப்பலகை விட்டுப்போனது. க்ளைம் போட்டார், பணமும் வந்தது. அடுத்த ஆண்டு கம்பெனி பிரீமியத்தை ஏற்றியது. விபத்து நடந்தால் அவர் கையிலிருந்து போட வேண்டிய தொகையையும் கூட்டியது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குக் கோபம், வேறு ஏஜென்டிடம் போய்விட்டார். அந்த ஏஜென்ட் வெற்று ஃபார்மில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முந்தைய க்ளைம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தானே எழுதிவிட்டார். பிரீமியம் குறைந்ததில் இருவருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு ராத்திரி இன்னொரு படகு மோதியது. சேதத்தை மதிப்பிட, சர்வேக்கு வந்தவர் யார் தெரியுமா? மணல்மேட்டு விபத்தைப் பார்த்த அதே சர்வேயர். இந்தக் கரையில் படகு பார்க்கத் தெரிந்த சர்வேயர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒட்டுப்போட்ட பலகையைப் பார்த்ததுமே, "இது நான் ரிப்போர்ட் எழுதின படகாச்சே" என்றார். க்ளைம் தள்ளுபடி.

ஏஜென்ட்தான் எழுதினார் என்று ஓனர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கையெழுத்து அவருடையது. இந்த விபத்துக்கும் பழைய விபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் உதவாது. 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இதில் கறார். பிரீமியத்தையோ, பாலிசி கொடுக்கலாமா என்ற முடிவையோ மாற்றக்கூடிய எதையும், கம்பெனி கேட்காவிட்டாலும் நீங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாலிசியையே அவர்கள் ரத்து செய்யலாம். மோசடி இல்லையென்றால் கட்டிய பிரீமியம் திரும்பி வரும், அவ்வளவுதான்.

மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஒரு வெள்ளைத்தாள் போதும். விபத்து நடந்த தேதி, இடம், காரணம், வந்த தொகை, பிறகு என்ன சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். யார்டு பில்லையும் பலகை மாற்றிய போட்டோவையும் இணையுங்கள். டிரைவர் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தள்ளுபடியான க்ளைம், நீங்களே வாபஸ் வாங்கிய க்ளைம் எல்லாம் அதில் வரவேண்டும். செகண்ட் ஹேண்ட் படகு என்றால், பழைய ஓனர் காலத்து விபத்துகளையும் உங்களுக்குத் தெரிந்தவரை எழுதுங்கள். நகலில் சீல் வாங்காமல் ஆபீஸை விட்டு வராதீர்கள்.

வெற்று ஃபார்மில் கையெழுத்து மட்டும் கேட்கும் ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏறிய பிரீமியத்துக்கு மதிப்பைக் குறைப்பது

20 லட்ச ரூபாய் படகை 10 லட்சத்துக்கு எழுதினால் பிரீமியம் குறையும், சரி. பாலிசியில் மதிப்பைத் தனியாக ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், 4 லட்சம் செலவானாலும் 2 லட்சம்தான் வரும். சட்டத்தின் கணக்கில் மீதிப் பாதிக்கு நீங்களேதான் இன்சூரன்ஸ் கம்பெனி.

சில்லறைக்கெல்லாம் க்ளைம்

நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை போகக் கிடைப்பது சில ஆயிரம்தான் என்றால் கைக்காசு போட்டுச் சரிசெய்துவிடுங்கள். க்ளைம் போடாவிட்டாலும் அந்த விபத்தையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

புயல் கூண்டு ஏறிய பிறகு ஓடுவது

அப்போது யாரும் பாலிசி தரமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரை கடந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மீனவர் குழு விபத்துக் காப்பீட்டை நம்புவது

அது ஆளுக்கு. படகுக்கு இல்லை.

மறுப்புக் கடிதத்தை மடித்து வைப்பது

வாய்மொழியாக 'முடியாது' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுதான் கெடு. கம்பெனிக்கு மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காது.