மொட்டை மாடி கிரில் அடுப்பு துருப்பிடிக்காமல் இருக்க

மழையில் நனைவதால்தான் கரியில் சுட்டுச் சமைக்கும் கிரில் அடுப்பு துருப்பிடிக்கிறது என்று நினைக்கிறோம். பாதிப் பழி உள்ளே கிடக்கும் சாம்பலுக்குத்தான். கரிச் சாம்பலில் உப்புகள் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பசைபோல அடியில் ஒட்டிக்கொண்டு தகட்டை அரிக்கும். என் முதல் ஸ்மோக்கரின் (புகையில் சமைக்கும் அடுப்பு) அடிப்பக்கம் ஓட்டை விழுந்தது இப்படித்தான். மேலே பார்த்தால் பளபளவென்று இருந்தது!

அதனால் சமைத்த மறுநாளே சாம்பலை இரும்பு வாளியில் அள்ளிவிடுங்கள். அன்றிரவே வேண்டாம், சாம்பலுக்குள் கங்கு மறைந்திருக்கும்.

கம்பித்தட்டை வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேய்த்து, சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகப் பூசுங்கள். பெயின்ட் அடிக்காத புது இரும்பு ஸ்மோக்கர் என்றால் உட்புறம் முழுக்கப் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் வெறும் கரியில் சூடாக்க வேண்டும். எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகிவிடும். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுக்கும். வெளிப்புறத்தில் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டு, அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே பெயின்ட் கூடவே கூடாது.

உறையா? நன்றாக ஆறிய பிறகு போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். மழை விட்டதும் கழற்றி வெயில் காட்டுங்கள்.

அப்புறம், கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் எவர்சில்வரும் தப்பாது. எவர்சில்வரில் 304, 316 என்று தரங்கள் உண்டு; உப்புக்காற்றை 304-ஐவிட 316 நன்றாகத் தாங்கும், விலைதான் கொஞ்சம் கடிக்கும்.