வெஸ்ட்ரிக்குள் பேசி முடித்துவிடாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் வி.பி.எஸ். (கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடக்கும். ஆக்‌ஷன் சாங், கைவேலை, கதை சொல்வது எல்லாம் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கி வழியும் நேரத்தில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். தலைப்பு, பாலியல் தொந்தரவிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாப்பது. இந்த வருஷம் முன்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "டீச்சர், ஒரு பிள்ளை வந்து இப்படிச் சொல்லுதுன்னா, முதல்ல நம்ம கமிட்டியில வச்சு உண்மைதானான்னு விசாரிச்சிட்டு, அப்புறமா மேற்கொண்டு பாக்கலாம்லா?"

நல்ல பையன். 2014-ல் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வயது நாற்பதுக்கு மேல், ஞாயிறு பள்ளி சூப்பரிண்டெண்ட் வேறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தெரியாத ஆளோடு பிள்ளைகளை அனுப்பாதீர்கள், டூர் போனால் தலையை எண்ணுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"அந்த அண்ணனா? சேச்சே!"

வேன் டிரைவரின் ஆதார் நகலை வாங்கி வைக்கிற சபை, இருபது வருஷமாக கீபோர்டு வாசிக்கிறவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்காது. போக்சோ (பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தவர் என்று வருஷா வருஷம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. சபையில் தெரிந்தவர் என்றால் வீட்டுச் சமையலறை வரை வருகிறவர். அம்மா ஊரில் இல்லாத அன்று பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவரச் சொல்லி நாமே போன் போடுகிற ஆள்.

இரண்டு பேர் விதி, ரிஜிஸ்டரில் மட்டும்

ஒரு வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள். எல்லாச் சபையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருப்பார், அல்லது கொயரில் நிற்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வகுப்பில் இருந்தால் நான் அதை ஒருவர் என்றுதான் கணக்கு வைப்பேன். கோபித்துக்கொள்கிறார்கள், கொள்ளட்டும்.

இன்னொன்று கதவு. ஒரு சபையில் வகுப்பறைக் கதவில் கண்ணாடி வைக்கச் சொல்லி, வைத்தும் விட்டார்கள். அடுத்த மாதம் போனேன். அந்தக் கண்ணாடியின் மேல் வாக்குத்தத்த வசனக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆணி அங்கதான் இருந்துச்சு டீச்சர்" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

"முதல்ல நாம விசாரிப்போம்"

இதற்குத்தான் வந்தேன்.

எங்கள் சபையில் ஒரு பெண்பிள்ளை. வயது பதினொன்று. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "டீச்சர், நான் இனிமே மியூசிக் கிளாசுக்கு வரல" என்றாள். பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே சொன்னாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். இரண்டே வாக்கியம்.

அதோடு நான் கேட்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எப்போ, எத்தனை தடவை, நீ ஏன் கத்தவில்லை (இதையும் கேட்டேன், ஆமாம்) என்று அடுக்கினேன். பிறகு ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவி) கூட்டிப்போனேன். அங்கே இரண்டாம் முறை சொல்ல வைத்தோம். புதன்கிழமை ராத்திரி வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய ஐயர் அறை) கமிட்டி கூடியது. செயலர், பொருளாளர் என்று ஐந்து ஆண்கள், சேகர ஐயர் (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர்), நான். மூன்றாம் முறை. காணிக்கைப் பை தொங்கும் சுவரோரம் நின்றாள். முதல் நாள் இரண்டு வாக்கியம், ஐயரம்மா வீட்டில் அரை வாக்கியம், அன்றைக்கு, "அப்படில்லாம் ஒண்ணும் இல்ல."

பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டதே, பிறகென்ன? மியூசிக் கிளாஸ் எடுத்த அந்த ஆளைக் கூப்பிட்டார்கள். அழுதார், முழங்கால் போட்டார். ஜெபித்து அனுப்பினார்கள். மினிட்ஸ் புத்தகத்தில், "சிறு மனஸ்தாபம் பேசித் தீர்க்கப்பட்டது" என்று ஒரு வரி. பிரச்சினை வேண்டாம் என்று சேகரத்தின் வேறொரு சபைக்கு அவரை மாற்றினார்கள், பிரிவுபசாரக் கூட்டம் வைத்து. சால்வை வாங்கி வந்தது நான். 350 ரூபாய். பொருளாளரிடம் ரசீது கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளையின் குடும்பம் அந்த வருஷ அசனத்தோடு (சபை விருந்து) கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அந்த மற்றச் சபையில் ஒரு அம்மா, எந்தக் கமிட்டியையும் கேட்காமல், நேரே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். அப்போதுதான் போலீஸ் எங்கள் மினிட்ஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்கியது.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. நாங்கள் வெஸ்ட்ரியில் உட்கார்ந்தபோது அதற்கு வயது ஒன்றரை. 19-ஆம் பிரிவு, தெரியவந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. நிரூபணம் கேட்கவில்லை. நடக்கப்போகிறதோ என்ற அச்சம் இருந்தாலே போதும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருப்பவர், தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை, அபராதமும் சேர்த்து. ஆக, அன்றைக்கு அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும், நான் உட்பட, குற்றம் செய்துகொண்டிருந்தோம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ல் இருக்கிறது. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அந்த நிறுவனத்துப் பிள்ளையிடம் செய்தால் சட்டம் அதைக் கடுமையான வகையில் சேர்க்கிறது, தண்டனையும் கூடுதல்.

உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. நாம் விசாரிக்க விசாரிக்க என்ன நடக்கிறது என்றால், பிள்ளையின் வார்த்தைக்குள் நம்முடைய வார்த்தைகள் புகுந்துவிடும், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்துவிடும். போனில் இருப்பதை அழிக்கவும், பிள்ளையின் அப்பாவைப் போய்ப் பார்க்கவும் அவருக்கு ஒரு வாரம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தை நாமே கொடுக்கிறோம். போலீஸ் விசாரணை நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கூடியமட்டும் சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வைத்தே வாக்குமூலம் எழுத வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் வெஸ்ட்ரியைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனாலும் வசனம் கொண்டுவருவார்கள். மத்தேயு 18: சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய் உணர்த்து. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல் கட்டுகிற வசனம் இருக்கிறதே, அதை யாரும் வாசிப்பதில்லை. அடுத்தது 1 கொரிந்தியர் 6, அவிசுவாசிகளிடம் வழக்குக்குப் போகலாமா என்று. பேராயரின் கீழுள்ள திருமண்டலத் தேர்தல் என்றால் ஹைகோர்ட் படியேறத் தயங்காதவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள். அப்பா அம்மாவே சமாதானமாகிவிட்டார்களே என்பார்கள். அதுவும் செல்லாது. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான போக்சோ வழக்கை, பிள்ளையின் அப்பாவோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது.

சரி, என்ன செய்ய? கேளுங்கள், குடையாதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே அன்றைக்கே எழுதி, தேதி, நேரம் போட்டு வையுங்கள். உடனே போலீசுக்குத் தகவல். 1098-க்கும் (பிள்ளைகளுக்கான உதவி எண்) கூப்பிடுங்கள், கூட நிற்பார்கள். ஆனால் சட்டப்படி தகவல் போக வேண்டிய இடம் போலீஸ். அதற்குப் பிறகு ஐயர், பேராயர் எல்லாரும். அந்த ஆளைப் பிள்ளைகள் இருக்கும் எல்லாப் பொறுப்பிலிருந்தும் நிறுத்துங்கள். வேறு சபைக்கு மாற்றுவது நிறுத்துவதாகாது.

முன்வரிசைத் தம்பி விடவில்லை. "ஐயருக்கே முதல்ல சொல்லாம எப்படி டீச்சர்?" என்றார். தகவல் கொடுத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போங்க, கோபப்பட்டா என் பேரைச் சொல்லுங்க என்றேன்.

ஜெபக் குறிப்பில் போடுவது

"பேர் சொல்லாமல் ஜெபிக்கவும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பா வெளிநாட்டில்." பேர் மட்டும்தான் பாக்கி. பிள்ளையின் அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிடுவது 23-ஆம் பிரிவில் குற்றம். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போட்டால் ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"பையன்தானே, அவனுக்கு என்ன?"

18 வயதுக்குக் கீழே எல்லாரும் பிள்ளைதான்.

"அங்கிளுக்கு ஒரு முத்தம் குடு"

வேண்டாம் என்றால் வேண்டாம்.

1098 போஸ்டரை ஆறடி உயரத்தில் ஒட்டுவது

ஏணி போட்டு, பேராயர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். கழற்றி எடுத்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில், எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள்.