கோபக்காரர் முதலில் பேசட்டும்

முதல் தடவை எங்கள் வாசகர் கூட்டத்தைக் கெடுத்தது நான்தான். முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த வாய், சும்மா இருக்குமா? வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் பதினோரு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, இருபத்தைந்து நிமிஷம் நானே விளக்கித் தள்ளினேன். "நல்லா இருந்தது டீச்சர்" என்று சொல்லி, மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். மறுமாதம் அதே புத்தகங்களுக்கு இன்னொரு கூட்டம் போட்டேன். பழைய நாவல் ஒன்றையும், அதை இருட்டுப் பக்கமிருந்து திருப்பி எழுதிய நாவலையும் சேர்த்துப் பேச நினைப்பவர்களுக்கு அந்த இரண்டாம் கூட்டத்தில் கற்றது உதவும்.

நாங்கள் எடுத்தது, சார்லட் பிரான்டி 1847-ல் வெளியிட்ட 'ஜேன் அயர்', ஜீன் ரீஸ் 1966-ல் வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ'. முதல் நாவலில் கதாநாயகன் ரோசெஸ்டர் தன் மனைவி பெர்த்தாவைப் பைத்தியம் என்று மாளிகையின் மேல்மாடியில் பூட்டி வைத்திருப்பார். இரண்டாவது, அவள் யார், எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்ற கதை. கொஞ்சம் அவள் வாயால், கொஞ்சம் கணவன் வாயால்.

எல்லாரும் இரண்டையும் படித்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பழையதைத் தொடாதவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். அவர்களுக்குக் கதாநாயகன்மேல் பழைய பாசம் கிடையாது. கோடையில் ஆறரைக்கு முன் ஆரம்பிக்க வேண்டாம். ஐந்து மணிக்கே நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றினால்தான் வேலூர் மாடியில் உட்கார முடியும்.

சரி, முதல் கேள்வி. "பிடித்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். மூடாதவர் யாரும் இருக்க மாட்டார். எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். புது நாவலில் வீடு தீப்பற்றி எரிகிறது. சிறகு வெட்டப்பட்ட கிளி பறக்கப் பார்த்து, உடம்பெல்லாம் நெருப்போடு கீழே விழுகிறது. கல்லூரிப் பையன் ஒருவன், கிளி ஜோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் அந்தக் கிளி ஏன் பறந்து போகாமல் நடந்து வந்து சீட்டு எடுக்கிறது என்று சின்ன வயதில் தன் அப்பாவைக் கேட்டதைச் சொன்னான். அப்புறம் ஐந்து நிமிஷம் நான் வாயே திறக்கவில்லை. திறக்கக் கூடாது.

இரண்டாவது, கோபமாக இருப்பவரை முதல் வரிசைக்குக் கொண்டு வாருங்கள். எங்களுக்கு ஒரு பேங்க் சார். கல்லூரி நான்டீடெயிலில் சுருக்கிய பதிப்பாகப் படித்த நாளிலிருந்து ரோசெஸ்டர் அவருக்குத் தெய்வம். "இன்னா டீச்சர் இது, நல்ல மனுஷனை இப்படிக் கெடுத்து வெச்சிருக்காங்க?" என்று ஆரம்பித்தார். சமாதானப்படுத்தாதீர்கள். மற்றவர்களையும் அவர்மேல் பாய விடாதீர்கள். பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்து, அந்த நல்ல மனுஷன் மனைவியைக் காட்டும் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இருபத்தாறாம் அத்தியாயம், ஜேனோடு அவருக்கு நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோன அன்று. மிருகமா மனுஷியா என்று தெரியாத ஏதோ ஒன்று நாலு காலில் தவழ்கிறது. பிரான்டி அங்கே அவளை 'அது' என்று எழுதுகிறார். பேங்க் சார் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த வார்த்தையில் நின்றார். "அஃறிணையா?" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், புது நாவலில் கணவன் அவளுடைய அன்டோனெட் என்ற பெயரை மாற்றிப் பெர்த்தா என்று கூப்பிடுவதையும், அவனுக்கு அந்த நாவல் முழுக்கப் பெயரே இல்லாததையும் எடுத்துக் கொடுத்தாள். நான் இருபத்தைந்து நிமிஷம் பேசியும் வராத விஷயம் இது.

ஊர்க் கதை வரும், வரட்டும். வேலூர்க்காரரிடம் பூட்டி வைத்த கதை சொன்னால் கோட்டை வராமல் இருக்குமா? கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டு இங்கே சிறையிருந்து 1832-ல் இறந்தார். அடுத்த வருஷம்தான் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. அதற்கான நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு போனது முதலாளிகளுக்கு, அடிமைகளுக்கு அல்ல. புது நாவலின் தொடக்கத்தில், அவள் குடும்பத்தைப் போல அடிமைகளை வைத்திருந்தவர்கள் அந்தப் பணத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் விட்டுவிட்டு, "அது எந்தப் பக்கத்தில் வருகிறது?" என்று கேட்டால் எல்லாரும் கோட்டையிலிருந்து புத்தகத்துக்கு இறங்கி வந்துவிடுவார்கள்.

இருட்டான கதை என்பதால் யாருக்காவது வலிக்கும். எங்களுக்கும் நடந்தது. தன் சித்தியைப் பின்கட்டு அறையில் வைத்திருந்ததை ஒருவர் பாதி சொல்லி நிறுத்தினார். மீதியைக் கேட்காதீர்கள். டீ கொடுங்கள். குறிப்பு நோட்டை மூடி வையுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், பாகாயத்தில் வேலை பார்த்தவர், அந்தப் பேச்சை மெல்லத் திருப்பினார். அங்கே மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்குவது வழக்கம். "அந்தப் பொண்ணுக்குக் கூட இருக்க யாருமே வரலையா? சம்பளத்துக்கு ஒரு காவல்காரி. அண்ணன்காரன் ஒரு தடவை வந்தான், கடி வாங்கிட்டுப் போனான்" என்றார். அவர் 'ஜேன் அயர்' படித்ததில்லை. கதையை அன்றுதான் கேட்டார்.

குறிப்பு எடுக்கிறவர், சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். "வாசகரை மிகவும் பாதித்தது" என்று எழுதினால் அடுத்த வருஷம் புரட்டும்போது ஒன்றும் ஞாபகம் வராது. "கடி வாங்கிட்டுப் போனான்" என்று இருந்தால் அந்த மாடியே ஞாபகம் வரும்.

எட்டரைக்கு முடித்துவிடுங்கள், காட்பாடி பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பேங்க் சார் மட்டும் கேட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, திரும்ப அணைத்தார். "கடைசியில் ரோசெஸ்டருக்குக் கண்ணும் போச்சு, ஒரு கையும் போச்சு. அது போதாதா டீச்சர்?" அதையும் அவர் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.