வலிக்காத ஹை ஹீல்ஸ்: லாஸ்டிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

ஹை ஹீல்ஸ் காலை வலிக்கச் செய்கிறது என்ற புகார் வந்ததும், காலணித் தொழிற்சாலைகளின் பெரும்பாலான சாம்பிள் அறைகளில் முதலில் தேடப்படுவது நுரைமெத்தைதான். உள்ளே 4 மி.மீ. நுரையை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். கடையில் போட்டுப் பார்ப்பவருக்கும் அது மெத்தென்றுதான் இருக்கும். வலி தொடங்குவது அரை மணி நேரம் நடந்த பிறகு. ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதிக்கான பெண்கள் காலணிகளுக்குப் பல ஆண்டுகள் பேட்டர்ன் வெட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயரமான ஹீலின் சுகதுக்கத்தில் முக்கால் பங்கு, காலணியை உருவாக்கப் பயன்படும் கால்வடிவக் கட்டையான லாஸ்ட், குதிகால் அமரும் ஹீல் சீட், நடுப்பாதத்தைத் தாங்கும் ஷாங்க் ஆகிய மூன்றிலேயே முடிவாகிவிடுகிறது. மெத்தையின் முறை அதற்குப் பிறகுதான்.

உயரத்தைச் சரிவாகக் கணக்கிடுங்கள்

ஹீல் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, அந்த உயரம் பாதத்தை எவ்வளவு சரிக்கிறது என்பதே முக்கியம். விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நடக்கும்போது பாதம் மடங்கும் கோட்டை இங்கே மூட்டு வரி என்று குறிப்பிடுகிறேன். ஐரோப்பிய 37 அளவுக் காலில் குதிகாலின் நடுவிலிருந்து மூட்டு வரிவரை ஏறக்குறைய 135 மி.மீ. இருக்கும். அந்த நீளத்துக்கு 50 மி.மீ. ஹீல் வைத்தால் சராசரிச் சரிவு சுமார் 22 பாகை, 75 மி.மீ. வைத்தால் சுமார் 34 பாகை. கூடியது 25 மி.மீ. மட்டுமே என்றாலும், கால் இப்போது சறுக்குமரத்தில் நிற்பதைப் போல முன்னே வழுக்கத் தொடங்கும். விரல்கள் முனையில் போய் முட்டும்.

கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையிலேயே நிற்பது, முழங்கால் இலேசாக மடங்குவது, முன்னே தள்ளப்படும் உடலை இடுப்பு பின்னிழுத்துச் சமன்செய்வது ஆகியவை எல்லாம் இந்தச் சரிவின் தொடர்விளைவுகள். முதுகு இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒரு காலணி முதுகை நிமிர்த்தும் என்று எழுதப்பட்ட விளம்பரத்தை நான் நம்புவதில்லை. சரிவைக் குறைப்பதும் வழுக்கலைத் தடுப்பதும்தான் வடிவமைப்பாளரின் கையில் இருப்பவை.

தோற்றத்தில் 75 மி.மீ. வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், முன்பக்கச் சோலுக்கு 15 மி.மீ. பிளாட்ஃபார்ம் கொடுங்கள், பாதம் உணரும் உயரம் 60 ஆகிச் சரிவு ஏறக்குறைய 26 பாகைக்கு இறங்கிவிடும். தடித்த சோல் மடங்காது என்பதால், முனையைச் சற்று மேல்நோக்கி வளைத்து, அடி உருண்டு எழும்படி செய்ய வேண்டும். பிளாட்ஃபார்மையும் அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போனால், தரைக்கும் காலுக்கும் உள்ள தொலைவு கூடிக் கணுக்கால் பிசகும் அபாயம் வரும்.

எல்லா அளவுகளுக்கும் ஒரே ஹீலைப் போடுவது பலரும் கவனிக்காமல் விடும் தவறு. அதே 75 மி.மீ. ஹீல், 35 அளவில் சுமார் 36 பாகைச் சரிவையும் 40 அளவில் சுமார் 31 பாகைச் சரிவையும் தருகிறது. சிறிய கால் உடையவர் அந்த ஜோடியை வாங்கிவிட்டுத் தன் காலைத்தான் குறை சொல்லிக்கொள்வார். அச்சுச் செலவு கூடினாலும், இரண்டு அளவுகளுக்கு ஒரு ஹீல் என்ற கணக்கிலாவது உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

லாஸ்டும் ஹீல் சீட்டும்

லாஸ்ட் தேர்வு செய்யும்போது மொத்த நீளத்தை மட்டும் பார்க்காமல், குதிகாலிலிருந்து மூட்டு வரிவரையிலான நீளத்தைத் தனியே அளந்து ஒப்பிட வேண்டும். ஒரே அளவு எண் கொண்ட இரண்டு பேரில் ஒருவருக்கு விரல்கள் நீண்டும், மற்றவருக்குப் பாதத்தின் நடுப்பகுதி நீண்டும் இருக்கலாம். தட்டைச் செருப்பில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உயரமான ஹீலில் காலணியின் மடிப்பு காலின் மடிப்புக்கு 5 மி.மீ. முன்னோ பின்னோ போனாலும், பாதம் தன் வளைவைத் தாங்கும் மேட்டில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும்.

ஒவ்வொரு லாஸ்டும் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்காகச் செதுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 75 மி.மீ. லாஸ்டில் 65 மி.மீ. ஹீலைப் பொருத்தினால், முனை தரையிலிருந்து எழும்பி, ஹீலின் பின்விளிம்பு மட்டும் தரையைத் தொடும். இதை உறுதிசெய்ய, சாம்பிளைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துக் கீழிருந்து பாருங்கள். ஹீலின் அடியில் உள்ள டாப் பீஸ் முழுவதும் கண்ணாடியில் படிய வேண்டும்.

இனி ஹீல் சீட், அதாவது குதிகால் அமரும் பகுதி. மொத்தச் சரிவு 34 பாகை என்றால், அது குதிகாலுக்கு அடியிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஹீல் சீட்டைக் கூடுமானவரை சமதளமாகவும் ஓரங்கள் சற்று எழும்பிய கிண்ணமாகவும் அமைத்து, சரிவின் பெரும்பகுதியை நடுப்பாதத்துக்குத் தள்ளினால், குதிகால் எலும்பு உட்கார்ந்துவிடும். உடலின் எடையில் ஒரு பகுதி பின்னாலேயே தங்கிவிடும். குதிகால் சரிவில் நின்றால் எடையின் பெரும்பகுதி முன்பாதத்துக்கு ஓடும். ஆனால் முற்றிலும் மட்டமாக்கினால் நடுப்பகுதி சுவரைப் போலச் செங்குத்தாகிப் பாதத்தின் வளைவைக் குத்தும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை, லாஸ்டைச் சிறிது சிறிதாகத் தேய்த்தும் புட்டி பூசியும் இரண்டு மூன்று சாம்பிள்களில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஷாங்க்கும் ஹீல் நிற்கும் இடமும்

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, தரையைத் தொடாமல் நிற்கும் பகுதியைத் தாங்குவது, பாதத்துக்கு அடியில் வரும் உள்தட்டான இன்சோலுக்குள் பதிக்கப்படும் எஃகுப் பட்டையான ஷாங்க். இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சால்வதோரே ஃபெர்ரகாமோ, அமெரிக்காவில் இருந்த காலத்தில் உடற்கூற்றியல் படித்து, பாதத்தின் வளைவைத் தாங்குவதே காலணியின் முதல் வேலை என்ற முடிவுக்கு வந்தவர். 1930களில் நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, அவர் குதிகாலிலிருந்து முன்பாதம்வரை கார்க்கால் நிரப்பி வெட்ஜ் ஹீலை உருவாக்கினார். ஷாங்க்கின் வேலையை அங்கே கார்க் பார்த்துக்கொண்டது. உயரம் வேண்டும், ஆனால் நாள் முழுவதும் நடக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் நான் முதலில் காட்டுவது வெட்ஜைத்தான்.

ஷாங்க்கின் வளைவு லாஸ்டின் அடிப்பக்க வளைவோடு இம்மியும் பிசகாமல் ஒட்ட வேண்டும். அதன் முன்முனை மூட்டு வரிக்குச் சற்றுப் பின்னாலேயே முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் காலணி மடங்காமல் அடம்பிடிக்கும், மிகவும் பின்தங்கினால் நடுப்பகுதி தொய்யும். சாம்பிள் தயாரானதும், அதைத் தரையில் வைத்து நடுப்பகுதியைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துங்கள். இறங்கினால், அந்த ஷாங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் வேண்டாம்.

ஹீல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தூக்குக்குண்டு ஒன்றே போதும். காலணியைப் பக்கவாட்டில் வைத்து, குதிகால் எலும்பின் நடுவிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது டாப் பீஸின் மேல் வந்து விழ வேண்டும். அழகுக்காக ஹீலைப் பின்னுக்குத் தள்ளினால் ஷாங்க் மேல் சுமை கூடி, நாளடைவில் ஹீல் பின்புறம் சாயும். உள்ளுக்கு இழுத்தால் ஒவ்வோர் அடியிலும் உடல் பின்னோக்கி ஆடும். டாப் பீஸின் பரப்பும் முக்கியம். 10 மி.மீ. சதுரம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர்தான், 25 மி.மீ. சதுரம் அதைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம். மெல்லிய ஹீல்தான் வேண்டும் என்றால் உள்ளே எஃகுக் கம்பி வைத்த ஹீலைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள்.

அப்பரும் மெத்தையும்

அப்பர் என்பது காலை மேலே மூடும் பகுதி; அதன் வேலை காலைப் பின்னால் பிடித்துவைப்பது. கணுக்கால் பட்டையோ பாதத்தின் மேற்புறத்தில் குறுக்கே வரும் பட்டையோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டை இல்லாத பம்ப் வகையில், குதிகாலைச் சுற்றி, விறைப்பான உள்தகடான கவுண்டர் உறுதியாக இருப்பதும், அங்கே வழுக்காத மெல்லிய ஸ்வேட் (சொரசொரப்பான தோல்) லைனிங்கும் அவசியம். கூர்முனை வைப்பதானால், விரல்கள் முடிந்த பிறகே முனை குறுகத் தொடங்க வேண்டும்.

மெத்தை கடைசியாக வருகிறது. எத்தனை மி.மீ. நுரை வைக்கிறீர்களோ அந்த இடத்தை லாஸ்டிலேயே கூட்டிக்கொள்ளாவிட்டால், மெத்தையே காலை நெரிக்கும். முன்பாதத்துக்கான சிறு மேட்டை மூட்டு எலும்புகளுக்கு நேர் கீழே ஒட்டாமல், அவற்றுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டுங்கள். அப்போதுதான் எலும்புகளின் மேல் வரும் சுமை பரவும்.

போட்டுப் பார்க்கும் சோதனை

இன்சோல் வடிவில் வெள்ளைத் தாளை வெட்டி உள்ளே வைத்து, அதன்மேல் கார்பன் தாளை மைப்புறம் கீழாக இருக்கும்படி பரப்பி, அந்த அளவுக் கால் உள்ளவரைச் சாக்ஸ் அணிந்து இருபது அடி நடக்கச் சொல்லுங்கள். ஒருமுறை எனக்குக் கிடைத்த தாளில் பெருவிரல் மூட்டுக்கு அடியில் கரிய வட்டம், குதிகாலில் மங்கிய பிறை, நடுவில் வெறும் வெள்ளை. நுரையைக் கூட்டிய பிறகும் அந்த வட்டம் மறையவில்லை. ஹீல் சீட்டின் முன்விளிம்பை லாஸ்டில் 2 மி.மீ. உயர்த்தி அடுத்த சாம்பிள் செய்தபோது, பிறை முழு வட்டமானது. நடுப்பகுதியிலும் சாம்பல் நிறத் தடம் விழுந்தது.

நடந்து வந்தவர் நின்றுகொண்டிருக்கும்போதே, பாதத்தின் உள்வளைவுக்கும் இன்சோலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைப் பக்கவாட்டில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் அங்கே தாங்கல் இல்லை. அதன்பின் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, குதிகால் கழல்கிறதா என்று பின்னாலிருந்து கவனியுங்கள். மூன்று சாம்பிள்களுக்குப் பிறகும் கால் முன்னே வழுக்கினால், ஒட்டுவேலைகளை நிறுத்திவிட்டு, 10 மி.மீ. தாழ்ந்த ஹீலுக்கான லாஸ்டை அலமாரியிலிருந்து எடுங்கள்.