பிள்ளைகளோடு ஓடை மீன் பிடிக்கப் போகிறீர்களா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூருக்குள் எந்த ஓடையிலும் வலை போடாதீர்கள். எங்கள் அப்பா காலத்தில் பள்ளி விட்டதும் லொங்காங்கில், அதாவது பெரிய வடிகாலில் இறங்கி, மைலோ டின்னில் மீனோடு வீட்டுக்கு வருவார்களாம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்ததால் என் பிள்ளைகளையும் அப்படிக் கூட்டிப்போக எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் இன்று இயற்கை வனப்பகுதியில் ஒரு மீனை எடுத்தாலும் குற்றம், 50,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நீர்த்தேக்கங்களில் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துவைத்திருக்கும் இடத்தில் தூண்டில் போடலாம், அவ்வளவுதான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தீவில் நன்னீர்ச் சதுப்புக் காடு என்று சொல்ல நீ சூன் என்ற இடத்தில் இருப்பதுதான் மிஞ்சியிருக்கிறது, நம் ஊர் மீன்கள் பல அந்தச் சின்ன ஓடைகளை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. அங்கே கை வைக்க எனக்கு மனம் வராது.

எங்கள் வீட்டில் இப்படி வைத்திருக்கிறோம்: இங்கே பார்ப்பது, ஜோகூரில் சொந்தக்காரர் தோட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே விடுவது, தொட்டிக்கு வேண்டியதைக் கடையில் வாங்குவது.

பார்ப்பதற்கு வீனஸ் டிரைவ் பக்கம் இருக்கும் வின்சர் இயற்கைப் பூங்கா நல்ல இடம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நேற்று மழை கொட்டியிருந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும், வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நடைபாலத்தில் உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நின்று, ஐந்து நிமிடம் யாரும் அசையக் கூடாது. முதலில் ஒன்றுமே தெரியாது, பிள்ளைகள் "எங்கேப்பா மீன்?" என்று இழுப்பார்கள், அப்புறம் ஒன்றொன்றாகக் கண்ணில் படும். தண்ணீரின் மேல்மட்டத்தில் குச்சி மாதிரி ஒன்று ஓட்டத்தை எதிர்த்து அப்படியே நிற்கிறதா, கீழ்த்தாடை மட்டும் ஊசியாக நீண்டிருக்கிறதா, அது அரையலகு மீன். முட்டை போடாது, குட்டிதான் போடும். நடுவில் கூட்டமாகத் திரியும் ரஸ்போராவின் உடம்பு நடுவே ஒரு கறுப்புக் கட்டமும் வால் அடியில் ஒரு புள்ளியும் இருக்கும். கொஞ்சம் கீழே, முதுகுத் துடுப்புக்கு அடியில் கறுப்பு முக்கோணம் போட்டதுபோல இருப்பது கெண்டை வகை. முதல் தடவை இந்த மூன்றும் போதும். அதன் பிறகு பீஷான் பூங்கா ஆற்றுக்குக் கூட்டிப்போய், கப்பியும் திலாப்பியாவும் வெளியூரிலிருந்து வந்து பெருகியவை என்று காட்டுங்கள், வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

சரி, பிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். என் சித்தப்பாவுக்கு ஜோகூரில் கூலாய் பக்கம் செம்பனைத் தோட்டம் இருக்கிறது, ஓரமாக ஓர் ஓடையும் வரிசைகளுக்கு இடையே வடிகால்களும் ஓடுகின்றன. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால், நிலத்துக்காரரிடம் முறையாகக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வனப் பூங்கா பக்கம் போகவே வேண்டாம். அனுமதி கேட்கும்போதே புல்லுக்கு மருந்து எப்போது அடித்தீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று நாளைக்குள் அடித்திருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

எல்லாருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் இந்தத் தண்ணீரில் பரவக்கூடியது, காலில் புண் இருக்கும் பிள்ளை கரையில் உட்கார்ந்து வாளியைப் பார்த்துக்கொள்ளட்டும். அட்டை கடித்தால் பயப்படாதீர்கள், நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுவிடும். கறுப்பு மேகம் கூடினால் மேட்டுக்கு ஏறிவிடுங்கள், ஓடை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சித்தப்பா எங்களுக்கு ஒருமுறை கரையில் நிற்கவைத்தே காட்டினார்.

வலையைப் போட்டு மீனைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. மீன் நடுத் தண்ணீரில் இல்லை, கரையோர வேருக்கு அடியிலும் விழுந்து ஊறிய இலைக்குள்ளும் இருக்கிறது. ஒருவர் ஓட்டம் போகும் பக்கம் கைவலையின் விளிம்பைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மேல்பக்கத்திலிருந்து காலால் இலையையும் வேரையும் கலக்கிக்கொண்டு மெதுவாக வர வேண்டும், கால் வலையைத் தொட்டதும் ஒரே மூச்சில் தூக்கு. என் மகள் இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. தூக்கிய வலையைக் காற்றில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், அப்படியே வாளித் தண்ணீரில் கவிழ்த்துவிடுங்கள். கையை நனைக்காமல் மீனைத் தொடவும் கூடாது, அதன் வழுவழுப்புதான் அதற்குத் தோல் காப்பு.

இலைக் குவியலில் பழுப்பு நிறத்தில் ஒரு பெத்தா, அதாவது சண்டை மீன் வகை, வந்தால் தாடையைக் கவனியுங்கள். காட்டு ஓடையில் இருக்கும் பெத்தா பக்னாக்ஸ் இனத்தில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். தாடை பை மாதிரி உப்பியிருந்தால் வாளிக்குக்கூட மாற்றாமல் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், பயந்தால் முட்டையைத் துப்பிவிடும். நாங்கள் பார்த்த ஒன்று வலையின் மூலையில் அசையாமல் கிடந்தது, செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது, வாய் இறுக மூடியிருந்தது. வலையைத் தண்ணீருக்குள் சாய்த்ததும் இலைக்குள் நழுவிப் போய்விட்டது.

வாளிக்கு மூடி, ஓடைத் தண்ணீர், ஒரு கைப்பிடி இலை, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப். வாளி நிழலில்தான் இருக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடம் வாளியை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம், திரும்பி வந்தபோது ஆறு ரஸ்போரா மிதந்தன. அன்று வீடு வரும்வரை மகள் என்னோடு பேசவில்லை. இப்போதெல்லாம் ஒரு வாளியில் பத்து மீனுக்கு மேல் போடுவதில்லை. ஒவ்வொன்றாகச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் மாற்றி, பக்கவாட்டில் படம் எடுத்து, பிள்ளைகள் நோட்டில் வரைந்ததும், பிடித்த அதே இடத்தில் விடுகிறோம். விரால் அகப்பட்டால் மட்டும் தனி வாளி, இல்லையென்றால் மற்றவற்றைத் தின்றுவிடும்.

மீன் எதையும் நாங்கள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவதில்லை. ஓடை மீனோடு ஒட்டுண்ணியும் வரும், கடைத் தீனியை லேசில் தொடாது, பிறகு வளர்க்க முடியாமல் எங்காவது கொண்டுபோய் விடத் தோன்றும். அப்படி இங்குள்ள நீர்நிலையில் விடுவதும் குற்றம்தான், விட்டவை ஒன்று செத்துப்போகும், இல்லையென்றால் இங்கிருப்பதைத் தின்னும்.

தொட்டிக்கு 1904-லேயே அறிவியல் பெயர் பெற்ற நம் வட்டாரத்து ஹார்லிக்வின் ரஸ்போராவைக் கேளுங்கள், வளர்ப்பு மீன் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டடித் தொட்டிக்குப் பத்து போதும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருப்பதால் ஓர் இரவு பிடித்துவைத்தாலும் போகாது, அதை முறிக்கும் மருந்தை ஒவ்வொரு தடவையும் ஊற்றியே ஆக வேண்டும். காய்ந்த கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை இரண்டு போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், ஓடை மீனுக்கு அதுதான் பிடிக்கும். ஹீட்டர் தேவையில்லை, மூடி கட்டாயம் தேவை. இன்னும் இடமிருந்தால் குரல் கொடுக்கும் குராமியில் நான்கு சேர்த்துக்கொள்ளுங்கள், வடிகாலில் பிள்ளைகள் பிடித்த அதே மீன்தான். விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி பக்கம் காதை வைத்தால், ஈர விரலால் பலூனைத் தேய்த்ததுபோல் க்ர்ர் என்று கேட்கும்.