பள்ளி பாண்டு பணம் எங்கே போகிறது? கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைப் பற்றித்தான். வீடு வாங்கியபின் வரும் சொத்து வரி பில்லையும் அதே அக்கறையோடு படியுங்கள். 1 சதவீதப் பொது வரிக்குக் கீழே உங்கள் டிஸ்ட்ரிக்டின் பெயரோடு தனித் தொகைகள் இருந்தால், அவை பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களுக்காகப் பாண்டு (கடன் பத்திரம்) விற்று வாங்கிய கடனுக்கானவை. வட்டியும் முதலுமாக அதை அடைப்பது நாம்தான்.

முன்பெல்லாம் இந்தக் கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2000 நவம்பரில், மாநில மக்களின் ஓட்டுக்கு விடப்பட்ட 39-ஆம் புரொபோசிஷன் (சட்ட முன்மொழிவு) நிறைவேறியபின் 55 சதவீதம் போதும் என்று ஆனது. அதற்கு ஈடாகக் கட்டுப்பாடுகளும் வந்தன. செய்யப்போகும் கட்டட வேலைகளின் பட்டியலை ஓட்டெடுப்புக்கு முன்பே காட்ட வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் இரண்டு தணிக்கை நடக்க வேண்டும். அப்புறம், குடிமக்கள் மேற்பார்வைக் கமிட்டி ஒன்று வேண்டும்.

கமிட்டியில் குறைந்தது 7 பேர். அதில் இரண்டு இடம் பெற்றோருக்கு: ஒருவர் அந்த டிஸ்ட்ரிக்டில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், இன்னொருவர் பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) போன்ற அமைப்பில் இயங்கும் பெற்றோர். டிஸ்ட்ரிக்ட் ஊழியருக்கும் காண்ட்ராக்டருக்கும் இடமில்லை. ஆனால் உறுப்பினர்களை நியமிப்பது டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் பள்ளி போர்டு. செலவைப் பார்ப்பவர்களைச் செலவழிப்பவர்களே தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த வேலை நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரமும் கமிட்டிக்குக் கிடையாது. ஆகவே கூட்டத்தில் வெளியாட்கள் உட்கார்ந்திருப்பது முக்கியம்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான் டியேகோ பக்கத்து பவே யூனிஃபைட் என்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் உதாரணம். 2011-இல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. 20 ஆண்டுகள் ஒன்றும் கட்டாமல் தள்ளிப்போட்டதில், திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். ஊர் கொதித்தது. 2013-இல் வந்த சட்டம், வாங்கியதைப் போல் 4 மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டும்படி கடன் வாங்கக் கூடாது என்றது.

கமிட்டியின் கூட்டங்கள் எல்லோருக்கும் பொது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். விசாவில் இருப்பவரும் போகலாம், பேசலாம், ஓட்டுரிமை தேவையில்லை. போனால் செலவு அறிக்கையை வாங்கி, ஒரே ஒரு கட்டடத்தின் கணக்கில் விரலை வையுங்கள். முதலில் ஒதுக்கியது எவ்வளவு, ஒப்பந்தம் எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு? நடுவில் ‘சேஞ்ச் ஆர்டர்’ (ஒப்பந்தத்தில் செய்த மாற்றம்) என்று தொகை ஏறியிருந்தால், ஏன் ஏறியது, யார் கையெழுத்திட்டார் என்று கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல்.

அங்கே பதில் கிடைக்காவிட்டால், பொது ஆவணச் சட்டப்படி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு டிஸ்ட்ரிக்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தர முடியுமா முடியாதா என்று பொதுவாக 10 நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.