திறப்பு விழாவுக்கு முன் தேய்த்துவிடாதீர்கள்

பள்ளியிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஓர் அறை கிடைத்ததும் ஊர் அருங்காட்சியகம் தொடங்கிவிடும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கரையான், ஒழுகும் கூரை, பூட்டில்லாத அலமாரி பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழாவுக்காகச் சுத்தம் செய்வது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. விழாவுக்குத் தேதி குறித்ததும் யாராவது புளியும் செங்கல்பொடியுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. பழைய செப்புக் குடத்துக்கும் வெண்கலப் பொருளுக்கும் கேடு. காலப்போக்கில் படிந்த பச்சைப் படலம் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் காவல். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். பாத்திரத்தின் கழுத்தோரம் பொறித்த பெயரைச் செங்கல்பொடி வழித்துவிடும்.

வெளிர்பச்சைப் புள்ளிகள் பொடியாக உதிர்ந்தால் அது வேறு கதை. மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு, ஈரம் படும்போதெல்லாம் செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் மருந்து புளி இல்லை. பொருளைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930 முதல் இந்த வேலையைச் செய்கிறது.

மண்பாண்டத்துக்கு நடப்பது இன்னும் கொடுமை. ஒரு பள்ளி வராந்தாவில் முதுமக்கள் தாழி ஒன்றைப் பார்த்தேன். நன்றாகக் கழுவி வார்னிஷ் அடித்திருந்தார்கள். உள்ளே இருந்த மண் எங்கே என்று கேட்டேன்.

“செம்பருத்திச் செடிக்குப் போட்டுட்டோம் சார், நல்ல மண்ணு” என்றார் ஆசிரியர்.

எனக்குப் பேச்சே வரவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்தான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைத் தந்தது. அங்கேயும் யாராவது முந்திக்கொண்டு தாழியைக் கழுவியிருந்தால் அந்த நெல் கிடைத்திருக்குமா? பானை ஓட்டைத் தேய்த்தால் கீறல் குறிகள் மங்கும்; உட்புறம் ஒட்டியிருக்கும் உணவுக் கறையும் போய்விடும். கலப்பைக்கு வார்னிஷ் அடித்தால், உழுதவர் கைபட்டுத் தேய்ந்த இடம் எது என்று பிறகு யாராலும் காட்ட முடியாது.

முதலில் படம் எடுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். விழாவுக்கு வருகிறவர்கள் கறுத்த குடத்தைப் பார்த்து முகம் சுளித்தால், அது ஏன் கறுப்பாகவே இருக்கிறது என்று பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். படித்துவிட்டு ஆர்வமாகக் கேள்வி கேட்பார்கள்.

‘அப்புறம் எழுதிக்கலாம்’

கூடாது. பொருளைக் கையில் வாங்கும்போதே எழுதுங்கள்: யாருடையது, எந்த ஊர், எந்தத் தெரு, எதற்குப் பயன்பட்டது. நெல் அளக்கும் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊர் மரக்கால் என்று தெரியாவிட்டால் அதை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

பொருளின் பதிவு எண்ணை அதன் மேல் மார்க்கரால் நேரடியாக எழுதாதீர்கள். பாரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் எழுதுங்கள். பின்னால் வேண்டாமென்றால் அசிட்டோனில் எடுத்துவிடலாம்.

செல்லோடேப்

கிழிந்த பழைய காகிதத்தில் ஒட்டாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம்.

மண்ணுக்கடியில் கிடைத்தவை

நேராக உங்கள் அறைக்குக் கொண்டுவராதீர்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் புதைந்து கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘நம்ம ஊர்ப் பொருள்தானே’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்வது

ஆறாவது அம்மி வந்தால், வாசலிலேயே பணிவாக மறுத்துவிடுங்கள். உள்ளே வாங்கி வைத்துவிட்டு, இடமில்லை என்று அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்தால் அந்த வீட்டாருக்கு மனக்கசப்பு வரும். அவர்கள் பரணில் கிடக்கும் தாத்தாவின் கணக்கு நோட்டு அதன் பிறகு உங்கள் கைக்கு வராது.